உங்களுக்குத் தெரியுமா? சண்டையில்லாத விவாகரத்து, கையைக் கடிக்காத செலவு!

கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிய முடிவெடுத்துவிட்டால், கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் ஒரே ஒரு குற்றச்சாட்டுகூடச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியுமா? கொடுமை வேண்டாம், துரோகம் வேண்டாம், சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரரும் வேண்டாம்!

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு கேட்பது மூன்றே கேள்விகள். ஒரு வருஷமாகப் பிரிந்து இருக்கிறீர்களா? சேர்ந்து வாழ முடியவில்லையா? பிரிய இருவருக்கும் சம்மதமா? அவ்வளவுதான்!

வக்கீல்கள் இதை 'மியூச்சுவல்' என்பார்கள். "மியூச்சுவல் போட்டுடலாமா?" என்று ஒரு வக்கீல் கேட்டால் மறுக்கும் முன் ரெண்டு தடவை யோசியுங்கள். வருஷக்கணக்கில் வாய்தா வாங்கும் செலவு மிச்சமாகிற கேள்வி அது!

இந்த 13-பி எப்போது வந்தது தெரியுமா? 1976 மே 27! நாடே நெருக்கடி நிலையில் மூச்சடைத்துக் கிடந்த நேரம். அப்போதுதான் மனமொத்துப் பிரிகிறவர்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது!

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. சிரித்த முகத்தோடு பிரிய நினைத்த தம்பதிக்கும் கோர்ட்டில் யாராவது ஒருவர் குற்றவாளி ஆகியே தீர வேண்டும் என்ற நிலை. எத்தனை வருஷம்? 21 வருஷம்!

இன்னொரு வேடிக்கை! சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-லேயே பரஸ்பர சம்மத விவாகரத்து உண்டு. தாலி கட்டியவர்களைவிட 22 வருஷம் முந்திவிட்டார்கள்!

சரி, இந்துக்களுக்கு விவாகரத்தே 1955-ல்தான் வந்ததா? அதுதான் இல்லை! நம்ம சென்னை மாகாணம் 1949-லேயே இருதார தடை மற்றும் விவாகரத்துச் சட்டம் போட்டுவிட்டது. டெல்லிக்கு 6 வருஷம் முன்னால்!

பம்பாய் மாகாணம்? 1947! பரோடா சமஸ்தானம்? 1931! அடேயப்பா!

1976-க்கு இன்னொரு மச்சமும் இருக்கிறது. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1976! கடல் கடந்து மலேசியாவில் தம்பதி இருவரும் சேர்ந்தே மனுப் போடலாம் என்ற சட்டம் எழுதப்பட்டதும் அதே 1976! இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது!

சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு? அவர்களுக்கும் இதே 13-பி தான்! தமிழ்நாடு 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் ஐயர் இல்லாத கல்யாணமும் இந்து திருமணச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மாலை மாற்றியவர்களுக்கும் மந்திரம் ஓதியவர்களுக்கும் ஒரே வாசல்!

கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வந்தது. அதில் பரஸ்பர சம்மதம் நுழைந்தது 2001-ல். நடுவில் 132 வருஷம்!

அதிலும் இந்துக்களுக்கு ஒரு வருஷப் பிரிவு போதும், கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டு வருஷம் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் "இது என்ன பாரபட்சம்?" என்று கேட்டு, இரண்டை ஒன்றாக்கியது! அதே நீதிமன்றம் 2022-ல் அந்த ஒரு வருஷத்தையும் செல்லாது என்றது!

பார்சிகளுக்கு இன்னும் சுலபம். 1988-லிருந்து மியூச்சுவல் உண்டு. முதல் மனு, அப்புறம் ஆறு மாதம், அப்புறம் இரண்டாவது முறை என்கிற காத்திருப்பே அவர்கள் சட்டத்தில் இல்லை!

இஸ்லாமியர்களிடம் இருவரும் ஒத்துப் பிரிவதற்கு 'முபாரத்' என்றே ஒரு முறை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது! மனைவி கேட்டுப் பெறுவது 'குலா'. அந்தக் குலாவுக்குத் தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது!

இப்போது எல்லாரும் பயப்படுகிற அந்த ஆறு மாதத்துக்கு வருவோம். இதில்தான் அதிசயங்கள் குவிந்து கிடக்கின்றன!

மனுப் போட்டதும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனசு மாறுகிறதா என்று பார்க்க! 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "முடிவில் மாற்றமில்லை" என்று சொல்ல வேண்டும். 13-பி சொல்வது இதுதான்.

ஆனால் 2017 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்த ஆறு மாதம் கட்டாயம் இல்லை! தகுந்த வழக்கில் நீதிபதியே அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம்!

எப்போது? மனுப் போடும்போதே நீங்கள் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும். சமரசப் பேச்சு எல்லாம் நடந்து தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம், பாக்கி விவகாரங்கள் என எல்லாம் பேசித் தீர்த்திருக்க வேண்டும். இனிமேலும் காத்திருந்தால் வேதனைதான் நீளும் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அவ்வளவும் பொருந்தினால், முதல் மனு போட்ட ஒரே வாரத்தில் தள்ளுபடி கேட்டு மனு கொடுக்கலாம். ஆறு மாதம் எங்கே, ஏழு நாள் எங்கே!

இதைச் சொல்லாமலே ஆறு மாதமும் காத்திருக்க வைக்கிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "சார், கூலிங் பீரியட் வெய்வ் பண்ண மனுப் போடலாமா?" அந்த ஒரு கேள்விக்குள் ஆறு மாதம் இருக்கிறது!

அதே 2017 தீர்ப்பில் இன்னொரு பரிசும் ஒளிந்திருக்கிறது! துபாயிலோ டொரண்டோவிலோ இருக்கிறீர்களா? வீடியோ கான்பரன்ஸில் ஆஜராகலாம். நியாயமான காரணம் இருந்தால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை உங்கள் சார்பில் நிற்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். விமான டிக்கெட் மிச்சம்!

2023 மே 1-ல் இன்னும் பெரிய வெடி! ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை உச்ச நீதிமன்றமே அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ் நேரடியாக ரத்து செய்யலாம் என்றது. ஒருவர் சம்மதிக்காவிட்டாலும்!

உடனே டெல்லிக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். உங்கள் ஊர் கோர்ட்டுக்குக் கிடையாது!

'பிரிந்து வாழ்வது' என்றால் தனி வீடு, தனி வாடகை, தனி அட்வான்ஸ் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்திருப்பதுதான். 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது!

அதே 1991 தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. கடைசி நிமிஷம் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்! தீர்ப்பு வரும் வரை கதவு மூடுவதில்லை.

இரண்டாவது முறை ஒருவர் வரவே இல்லை என்றால்? மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது! வராமல் போனதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

கல்யாணமாகி மூன்றாவது மாதமே "ஒத்துவரலை" என்றால்? ஒரு வருஷம் முடியாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. 1976-க்கு முன்னால் இந்த வெயிட்டிங் எவ்வளவு தெரியுமா? மூன்று வருஷம்!

விவாகரத்து கிடைத்த பிறகு மறுமணத்துக்கும் அப்போது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த விதியும் 1976-ல் காலி!

இனி பணம்! நீங்கள் இவ்வளவு நேரம் காத்திருந்த விஷயம்!

மியூச்சுவல் மனுவுக்கான நீதிமன்றக் கட்டணம், கல்யாண மண்டப வாசலில் வாழைமரம் கட்டிய செலவைவிடக் குறைவு! ஆமாம், விவாகரத்தில் காசு கரைவது அரசாங்கத்திடம் இல்லை. இழுத்தடிப்பில்!

மேரேஜ் சர்டிபிகேட் இல்லையே என்று கையைப் பிசைகிறீர்களா? தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. அதற்கு முன் கட்டிய தாலிகளுக்கு என்ன சான்று? உங்கள் கல்யாணப் பத்திரிகை! ஆமாம், மஞ்சள் தடவி ஊரெல்லாம் கொடுத்த அதே பத்திரிகைதான். கல்யாண போட்டோவோடு சேர்த்து நம் ஊர் கோர்ட்டுகளில் சான்றாவணமாகக் குறிக்கிறார்கள். பரணில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்!

குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமையே இல்லை. தெரியுமா? 1984-ஆம் வருஷத்து குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது! நீதிபதி அனுமதித்தால்தான் வக்கீல். நீங்களே நேரில் நின்று பேசலாம்!

குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊரில்? சப் கோர்ட்டுக்குப் போவீர்கள். உங்கள் மனு 'ஹெச்.எம்.ஓ.பி.' (இந்து திருமண அசல் மனு) என்று நம்பர் ஆகும். அங்கே இந்தக் கட்டுப்பாடு கிடையாது!

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் வக்கீல் இல்லாமல் போகவே போகாதீர்கள். இருவரும் கையெழுத்துப் போடும் அந்த ஒப்பந்தம்! நகை யாருக்கு, வீட்டுக் கடன் தவணை யார் தலையில், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, தீபாவளி லீவுக்குக் குழந்தை எங்கே, ஏற்கெனவே போட்ட போலீஸ் கேஸ் என்ன ஆகும்... ஒரு வரி விட்டுப்போனாலும் பத்து வருஷம் இழுக்கும். அந்த நாலு பக்கத்துக்குக் கொடுக்கிற ஃபீஸ்தான் இந்த மொத்தச் செலவிலும் நல்ல செலவு!

வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தாலும் சமாதானம் ஆகலாம். இருவரும் ஒத்துப்போய்விட்டால் உயர் நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்ய முடியும். 2003-லிருந்து உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது!

"ஜீவனாம்சத்தில் பத்து பர்சென்ட் கொடுங்க" என்று ஒரு வக்கீல் கேட்கிறாரா? கேட்கவே கூடாது! வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுப் படத்தில் பார்த்தது இங்கே நடக்காது!

ஃபீஸ் பேசும்போது "ஒரு வாய்தாவுக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "மனு எழுதுவதிலிருந்து தீர்ப்பாணை, அதாவது டிகிரி, கையில் வாங்கும் வரை மொத்தமாக எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுதியும் வாங்குங்கள். சட்டத்தின் கணக்குப்படி இது ரெண்டே கட்டம்தானே!

"குறைந்த செலவில் உடனடி விவாகரத்து" என்று வக்கீலே விளம்பரம் செய்கிறாரா? அதுவும் தடை! வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. இணையதளங்கள் வழியாக அப்படி விளம்பரம் செய்பவர்கள்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் உத்தரவிட்டது!

இப்போது சொல்லப்போவதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். பெண்களுக்கு வக்கீல் இலவசம்!

வருமான வரம்பு? இல்லை! சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு பெண்களுக்கு எந்த வருமான உச்சவரம்பும் வைக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் லட்சத்தில் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். வீட்டுவேலைக்குப் போகும் அக்காவும் கேட்கலாம்!

பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள்... இவர்களுக்கும் இதே சலுகை. இவர்களில் ஆண்களுக்கும் உண்டு!

இலவசம் என்றால் வக்கீல் மட்டுமா? மனு எழுதுவது, நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் செலவு, நகல் எடுக்கும் செலவு என எல்லாம் அதில் அடக்கம்!

எங்கே கேட்பது? போனை எடுங்கள், 15100! இந்தியா முழுக்க ஒரே எண். மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கே போனாலும் 'சட்டப் பணிகள் ஆணைக்குழு' என்று போர்டு தொங்கும். இத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டும் ஊரில், அந்தப் போர்டைத் தாண்டி நடந்துபோகிறவர்கள்தான் அதிகம் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை!

இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் எங்கே திறந்தது? டெல்லியா, மும்பையா? சென்னை உயர் நீதிமன்றத்தில்! 2005-ல்! வழக்கு அங்கே போனால் சமரசம் பேசுபவருக்கு நீங்கள் ஃபீஸ் தர வேண்டியதில்லை.

எந்த ஊர் கோர்ட்? கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இரண்டும் சரி. 2003-லிருந்து மனுப் போடும் மனைவி இப்போது எங்கே இருக்கிறாரோ அந்த ஊரும் சரி. அம்மா வீட்டுப் பக்கத்துக் கோர்ட்டே போதும்!

"பேப்பரில் வந்துடுமோ?" வராது! விசாரணை மூடிய அறைக்குள். நடந்ததை அச்சிட்டால் அபராதம் உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் 1,000 ரூபாய்! தொகை சின்னதுதான், உங்கள் மானத்துக்குப் பூட்டு பெரிது!

மொத்தமாக ஒரே தொகையாக வாங்கும் ஜீவனாம்சத்துக்கு வருமான வரி இல்லை! மாதாமாதம் வாங்கினால் அது வருமானம். 1983-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு இளவரசியின் வழக்கில் சொன்னது!

பெண் வீட்டார் போட்ட நகை யாருக்குச் சொந்தம்? பெண்ணுக்கு! கணவர் வைத்திருந்தால் பாதுகாவலராக மட்டுமே. திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி. இது 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று!

குழந்தைக்கு 5 வயது ஆகவில்லையா? சாதாரணமாக அம்மாவிடம்தான். இந்துக்களுக்கான 1956-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வது இது!

அப்பா அம்மா இருவரும் சேர்ந்து "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும், குழந்தையின் பராமரிப்பு உரிமை போய்விடாது. அது அவர்கள் விட்டுக்கொடுக்கிற சொத்தே இல்லை!

இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி "தீர்த்துக்கிட்டோம்" என்கிறார்களே, அது விவாகரத்தா? இல்லை! அதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் இருதாரக் குற்றம். தண்டனை 7 வருஷம் வரை!

ஒரே ஒரு விலக்கு உண்டு. சில சமூகங்களில் பரம்பரையாக 'அறுத்துக் கட்டும்' வழக்கம் இருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். ரொம்பக் கஷ்டம்!

திருப்பதியில் கல்யாணம், அமெரிக்காவின் மிசௌரியில் விவாகரத்து! மனைவி ஒப்புக்கொள்ளாமல் கணவர் வாங்கிய அந்த டிகிரி இந்தியாவில் செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது. மனைவியும் சம்மதித்து வாங்கியிருந்தால்? அது வேறு கதை. அங்கேயும் சம்மதம்தான் சாவி!

கடல் கடந்த நம்மவர்கள் கதை என்ன?

சிங்கப்பூரில் 'பரஸ்பர ஒப்புதல்' விவாகரத்துக்கான ஒரு வழியாக நடைமுறைக்கு வந்தது எப்போது? 2024 ஜூலை 1! நேற்று என்றே சொல்லலாம்!

மலேசியாவில் கூட்டு மனு உண்டு. ஆனால் கல்யாணமாகி 2 வருஷம் ஆகியிருக்க வேண்டும்!

இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பம். முதல் கட்டத்துக்குக் காத்திருப்பு 20 வாரம்!

இலங்கையில்தான் ஆச்சரியம். பொதுச் சட்டத்தில் மனமொத்த விவாகரத்தே கிடையாது! சோரம், வேண்டுமென்றே கைவிடுதல், தீராத ஆண்மைக்குறைவு... இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே தீவில் கண்டிச் சட்டப்படி மணந்தவர்களுக்கு? 1952-ஆம் வருஷச் சட்டம் பரஸ்பர சம்மதத்தை ஏற்கிறது. அதுவும் கோர்ட்டுக்கே போகாமல், மாவட்டப் பதிவாளரிடம்!

கடைசியாக ஒன்று, வக்கீல்களே பலர் சொல்லாத ஒன்று. தீர்ப்பு வந்ததும் "டிகிரி காப்பிக்கு இவ்வளவு" என்று யாராவது கை நீட்டினால், இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவின் 4-வது உட்பிரிவைக் காட்டுங்கள். விவாகரத்து டிகிரியின் நகல் ஒன்றை நீதிமன்றமே இருவருக்கும் தர வேண்டும். ஆளுக்கு ஒன்று. விலை? 0 ரூபாய்!